நாலரை செகண்டு

சாலை நேரே வந்து முட்டுகிற வீட்டில் குடியிருந்தால் வம்சம் தழைக்காது என்று இந்த வட்டாரத்தில் சொல்கிறார்கள். நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். தம்பி, வீட்டைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன்னால் இந்தத் தவறான கருத்தை நான் திருத்தியாக வேண்டும். திருத்தாமல் சாவிக்கொத்தைக் கையில் எடுக்க மாட்டேன். வம்சம் நன்றாகத் தழைக்கும். எனக்கே ஒரு மகள், இரண்டு பேத்திகள். மூத்தவள் ஐந்தே கால் அடி. தழைக்காதது முன்சுவர் மட்டும்தான். பதினாறு வருஷத்தில் அதை நான்கு முறை கட்டியிருக்கிறேன்.

அந்த நாற்காலியில் உட்காராதீர்கள். இப்படிக் கிழக்குச் சுவர் ஓரமாக வாருங்கள். அந்த நாற்காலி சாலையின் நேர்க்கோட்டில் இருக்கிறது. காற்று அங்கேதான் வருகிறதா? வரும், மின்விசிறி அதற்கு நேர் மேலே இருக்கிறது. அது எலக்ட்ரீஷியன் செய்த தவறு. சரி, அங்கேயே உட்காருங்கள், பகல் வேளை, பரவாயில்லை. காபியை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை குறைவாகத்தான் இருக்கும், மன்னிக்க வேண்டும். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

புரோக்கர் சின்னராஜ் உங்களிடம் என்ன சொன்னான்? காற்றோட்டம், கிணற்றுத் தண்ணீர், பஸ் நிறுத்தம் பக்கம். அவ்வளவுதானே? மூன்றும் உண்மை. பஸ் நிறுத்தம் எவ்வளவு பக்கம் என்பதை மட்டும் அவன் சொல்லியிருக்க மாட்டான். ஒரு தடவை பஸ் இந்த வாசலிலேயே நின்றது. கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, துளசி மாடத்தை முட்டி, நின்றது. முப்பத்தெட்டுப் பேர் இறங்கினார்கள், ஒருவருக்கும் கீறல் இல்லை. இறங்கினவர்கள் என் மனைவி கோமளத்திடம் தண்ணீர் கேட்டார்கள். ஒருவர், "இது குறும்பனேரி ஸ்டாப்புங்களா?" என்று கேட்டார். இல்லை, குறும்பனேரி இன்னும் இருநூறு மீட்டர் என்று நான் சொன்னேன்.

நான் முத்திரை இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கடைத் தராசு, படிக்கல், பெட்ரோல் பங்கு மீட்டர் எல்லாவற்றையும் சரிபார்த்து முத்திரை குத்துகிற உத்தியோகம். முப்பத்து மூன்று வருஷம். தணிகாசலம் வருகிறான் என்றால் இந்த மாவட்டத்துக் கறிக்கடைகளில் தராசைக் கழுவி வைப்பார்கள். அதனால்தான் சொல்கிறேன்: நான் குறைத்தும் சொல்ல மாட்டேன், கூட்டியும் சொல்ல மாட்டேன்.

ஜன்னல் வழியாகப் பாருங்கள். அதோ தெரிகிறது கணவாய். அங்கிருந்து சாலை கோடு போட்டது மாதிரி இறங்கி வந்து, என் வாசலில் மேற்கே திரும்புகிறது. திரும்ப வேண்டும். திரும்ப முடியாத வண்டி என்ன செய்யும்? நேரே வரும். இந்த மனையை வாங்கும்போதே கோமளம் சொன்னாள்: "தெருக்குத்துங்க, வேண்டாங்க." மூட நம்பிக்கை என்று அவளுக்கு விளக்கினேன். ஒரு மணி நேரம் விளக்கினேன். திசைக்கும் விதிக்கும் சம்பந்தமில்லை என்பதைப் படம் வரைந்து காட்டினேன். கடைசியில் அவள், "விதி கிடக்கட்டுங்க, லாரி வருமே?" என்றாள். வாதத்தில் தோற்கிறவர்கள் பேச்சை மாற்றுவது வழக்கம்.

முதலில் வந்தது தக்காளி டெம்போ. கிரகப்பிரவேசம் முடிந்து எட்டாவது மாதம். இரண்டாவது அந்தப் பஸ். மூன்றாவதைச் சொல்கிறேன், அவசரப்படாதீர்கள். எல்லாம் இந்த நோட்டில் இருக்கிறது. தேதி, நேரம், வண்டி, சுமை, சுவரிலிருந்து எத்தனை அடி உள்ளே வந்தது, சேதம். கடைசிக் கட்டத்தில் சேதம் என்று போட்டிருக்கிறேன் பாருங்கள். முதல் பதிவு: முன்சுவர், சைக்கிள், தக்காளி. தக்காளி நம்முடையதல்ல என்றாலும் சேதம் சேதம்தானே.

வேகத்தடை கேட்டு மனு எழுதினேன். ஒன்றல்ல, பத்தொன்பது. ஒன்பதாவது மனுவுக்குப் பதில் வந்தது. அவ்விடத்தில் கடந்த மூன்று ஆண்டுகளில் நேர்ந்த உயிரிழப்பு விவரம் இணைக்கப்படவில்லை என்று எழுதியிருந்தார்கள். நியாயமான கேள்வி. விவரம் இணைக்க இயலாமைக்கு வருந்துகிறேன், நேர்ந்தவுடன் அனுப்பிவைக்கிறேன் என்று பதில் எழுதினேன். தபாலில் சேர்ப்பதற்கு முன் கோமளம் அதை வாங்கிப் படித்தாள். அவள் எட்டாவது வரை படித்தவள், நிதானமாகப் படிப்பாள்.

"யாரோட விவரத்தைங்க அனுப்பப் போறீங்க?" என்றாள்.

"யாருடையதும் இல்லை. அது பொதுவாக எழுதுவது."

"வீட்டுல ரெண்டு பேருதானே இருக்கோம்?"

மனுவின் நடை அவளுக்குப் புரியவில்லை.

அரசாங்கம் செய்யாததை நாமே செய்துகொள்ள வேண்டும் அல்லவா? விதிகள் எழுதினேன். அதோ, கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது, பழுப்பேறிப் போயிற்று. ஹாரன் விட்டு விட்டு அடித்தால் பயம் இல்லை. விடாமல் அடித்தால் பிரேக் இல்லை என்று பொருள். அதைக் கேட்டதும் பின்பக்கம் ஓடக் கூடாது. இதைத்தான் எல்லோரும் தவறாகச் செய்கிறார்கள். வண்டி வரும் திசையிலேயே ஓடினால் வண்டிதான் ஜெயிக்கும். பக்கவாட்டில் ஓட வேண்டும். கிழக்கே, அந்தச் சமையற்கட்டு வாசலுக்கு. அங்கே சுவர் ஒன்றரை அடி கனம். கையில் எதையும் எடுக்கக் கூடாது. யாரும் யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது. தீயணைப்புக்காரர்கள்கூட அப்படித்தான் சொல்வார்கள்: ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டு நின்றால் இரண்டு பேரும் போவார்கள்.

எவ்வளவு நேரம் இருக்கிறது? கடைசி மின்கம்பத்திலிருந்து என் சுவர் வரை நூறு மீட்டர். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் நாலரை செகண்டு. விநாடி என்று சொல்லலாமே என்பீர்கள். பழைய கணக்கில் ஒரு விநாடி என்பது இருபத்து நான்கு செகண்டு. அளவில் குழப்பம் கூடாது, அதனால் செகண்டு என்றே சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பயிற்சி. நான் விசில் ஊதுவேன், ஸ்டாப்வாட்சை அமுக்குவேன், ஓடுவேன். எனக்கு நாலரை. முதல் வாரத்திலிருந்தே சரியாக நாலரை. கோமளத்துக்குப் பதினொன்று. தரையில் உட்கார்ந்திருந்தால் பதினொன்று. அவள் எப்போதும் தரையில்தான் உட்கார்ந்திருப்பாள். மூட்டு தேய்ந்துபோனவள். ஒரு கையை ஊன்றி, அப்புறம் முழங்காலை ஊன்றி, அப்புறம் சுவரைப் பிடித்து, 'முருகா' என்று ஒரு முறை சொல்லி எழுந்திருக்க வேண்டும். முருகாவை விட்டுவிட்டால் பத்து ஆகும் என்று சொல்லிப் பார்த்தேன்.

"நாற்காலியில் உட்கார்" என்றேன்.

"முருங்கைக்கீரையை நாற்காலில உக்காந்து யாருங்க ஆய்வாங்க? முறத்தை எங்க வைப்பேன், உங்க தலையிலயா?"

"மேற்கு ஜன்னல் பக்கம் உட்காராதே."

"அங்கதாங்க வெளிச்சம்."

"பதினொன்றுக்கும் நாலரைக்கும் எவ்வளவு வித்தியாசம் தெரியுமா?"

"ஆறரை" என்று சொல்லிவிட்டுக் கீரையை ஆய்ந்தாள். கணக்கு அவளுக்குச் சரியாக வரும். பதினொன்று என்று நோட்டில் எழுதி, பக்கத்தில் 'முன்னேற்றம் தேவை' என்று போட்டேன். ஒரு வருஷத்துக்கும் மேலாக அதையே எழுதினேன்.

இப்போது பிள்ளையாருக்கு வருகிறேன். தெருக்குத்து வீட்டுக்குப் பிள்ளையார் வைப்பது வழக்கம், உங்களுக்குத் தெரியும். ஆனால் திருடிக்கொண்டுவந்து வைத்த பிள்ளையாருக்குத்தான் சக்தி என்று ஒரு நம்பிக்கை இருக்கிறதே, அது எனக்கு ஒத்துவரவில்லை. கோமளம் இடம்கூடப் பார்த்து வைத்திருந்தாள்.

"ஏரிக்கரையில கேட்பாரில்லாம ஒண்ணு இருக்குதுங்க. நீங்க தூக்க வேண்டாம். அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டாப் போதும். நானே மடியில கட்டிக்கிட்டு வந்துடறேன்."

"கோமளம், நான் முத்திரை இன்ஸ்பெக்டர்."

"பிள்ளையாரை நிறுத்துப் பார்க்கவா போறாங்க?"

நான் சிற்பியிடம் போய், கல் தேர்ந்தெடுத்து, முறையாக ரசீது வாங்கி ஒரு பிள்ளையாரைக் கொண்டுவந்தேன். உயரம் பத்து அங்குலம். எடை பதினொரு கிலோ நானூறு கிராம். ஆமாம், நிறுத்துப் பார்த்தேன். ரசீதைப் பார்த்ததும் அவள் முகம் விழுந்துவிட்டது. "ரசீது வச்ச சாமிங்க இது. கடைக்காரன்கிட்டதான் விசுவாசமா இருக்கும்" என்றாள். ஆனால் பீடம் விஷயத்தில் பிடிவாதம் பிடித்தாள். சாமி சின்னவராக இருந்தாலும் பீடம் பெரிதாக இருக்க வேண்டுமாம். முன்சுவரை ஒட்டி, சாலையைப் பார்த்தபடி, நாலடிக்கு மூன்றடி, இடுப்பு உயரம், முழுக்கக் கான்கிரீட். கொத்தனாரோடு கூடவே இருந்து தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொண்டாள். வீண் செலவு என்று நான் சொன்னேன்.

பிள்ளையார் வந்த பிறகு இரண்டு வருஷம் ஒரு வண்டியும் உள்ளே வரவில்லை. லாரிக்காரர்கள் இறக்கத்தில் அவரைப் பார்த்ததும் விட்டு விட்டு ஹாரன் அடித்துவிட்டு மேற்கே திரும்பிப் போனார்கள். சிலர் நிறுத்தி எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கோமளத்துக்குப் பெருமை தாங்கவில்லை. நான் மட்டும் ஜன்னலில் உட்கார்ந்து ஒரு வாரம் எண்ணினேன். நூறு ஓட்டுநர்களில் நாற்பத்தொரு பேர் தலையை மட்டும் ஆட்டுகிறார்கள். முப்பது பேர் ஒற்றைக் கையால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். இருபது பேர் நாத்திகர் அல்லது தூக்கக் கலக்கம். மிச்சம் ஒன்பது பேர், தம்பி, ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிடுகிறார்கள். இறக்கத்தில். என் சுவரை நோக்கி.

கோமளத்திடம் கணக்கைக் காட்டினேன். அவள் பயந்துவிட்டாள்.

"அப்ப பிள்ளையாரைக் கொல்லைப்பக்கம் மாத்திடலாங்க."

"ஸ்தாபித்த விக்கிரகத்தை மாற்றக் கூடாது. நான் பலகை வைக்கிறேன்."

வைத்தேன். பீடத்துக்குப் பக்கத்தில், மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில்: 'ஓட்டுநர்கள் இறைவனை இரு கரங்களாலும் தொழுவதைத் தவிர்த்து, ஒரு கரத்தாலோ மனத்தாலோ தொழுமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' ஒரு பிழை கிடையாது. கோமளம் வாசலில் நின்று வாய்விட்டுப் படித்தாள். படித்து முடிக்க எட்டு செகண்டு ஆனது. "கும்பிடாதேன்னு எழுதினாப் பத்தாதுங்களா?" என்றாள். அது மரியாதை இல்லாத வாக்கியம்.

அப்புறம் அந்த வியாழக்கிழமை. கார்த்திகை மாதம், மாலை நாலு பத்து. நான் இங்கே, நீங்கள் இருக்கிற இடத்துக்கு ஐந்தடி கிழக்கே நின்று காலண்டரில் தேதி கிழித்துக்கொண்டிருந்தேன். காலையில் கிழிக்க மறந்துவிட்டேன். கோமளம் மேற்கு ஜன்னலடியில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஹாரன் விடாமல் அடித்தது. நான் விசிலை ஊதினேன். விதிப்படி ஊதினேன், அதில் சந்தேகமே வேண்டாம், நீளமாக ஊதினேன். ஸ்டாப்வாட்சை அமுக்கினேன். கிழக்கே ஓடினேன். சமையற்கட்டு வாசலைத் தொட்டதும் மறுபடி அமுக்கினேன்.

சத்தத்தை விவரிக்க மாட்டேன். பலரும் இடி மாதிரி என்பார்கள். இடி மாதிரி இல்லை.

புழுதி அடங்க இரண்டு நிமிஷம் ஆனது. லாரி உள்ளே இருந்தது. ஜவ்வரிசி ஆலைக்கு மரவள்ளிக்கிழங்கு ஏற்றிப்போன லாரி. கிழங்கு முழுவதும் கூடத்தில். கோமளம் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் முறம், முறத்தில் கீரை, கீரையின் மேல் சுண்ணாம்பு. லாரியின் பம்பர் அவள் முழங்காலிலிருந்து ஒரு அடி ஏழு அங்குலத்தில் நின்றிருந்தது. பிறகு அளந்தேன். அந்தப் பீடம் முன் அச்சுக்கு அடியில் மாட்டிக்கொண்டு வண்டியை நிறுத்தியிருக்கிறது. பிள்ளையார் நிறுத்தினார் என்று ஊரில் சொல்கிறார்கள். இதையும் திருத்த வேண்டியிருக்கிறது. கான்கிரீட் கலவை, சிமென்ட், மணல், ஜல்லி, ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று. அதுதான் நிறுத்தியது. பிள்ளையார் பீடத்திலிருந்து கழன்று உருண்டு, கிழங்குகளோடு கிழங்காக அவள் காலடியில் கிடந்தார். தும்பிக்கையில்கூடச் சேதம் இல்லை.

டிரைவர் குழந்தைவேலு, நாற்பது வயது ஆள், கதவைத் திறந்துகொண்டு விழுந்தடித்து இறங்கினான். "அம்மா, அடி பட்டிருச்சா? அம்மா, ஏதாச்சும் பேசுங்கம்மா" என்று அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். பிரேக்கெல்லாம் நன்றாகத்தான் இருந்ததாம். "சாமியப் பார்த்ததும் ரெண்டு கையும் தானா வந்திருச்சும்மா. பக்கத்துல போர்டு வேற, என்னமோ எழுதியிருக்குதேன்னு படிச்சேன். நிமிர்ந்தா சுவரு, கை ஹாரன்லயே ஒட்டிக்கிச்சும்மா." பாருங்கள், பாதிதான் படித்திருக்கிறான். முழுவதும் படித்திருந்தால் இது நடந்திருக்காது.

நான் கிழங்குகளைத் தாண்டிக் கோமளத்தின் பக்கத்தில் போனேன். அவள் டிரைவரைப் பார்க்கவில்லை, லாரியைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த ஸ்டாப்வாட்சைப் பார்த்தாள்.

"எத்தனை செகண்டுங்க?" என்றாள்.

அந்த நிலைமையிலும் பயிற்சியை மறக்கவில்லை பாருங்கள். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. "நாலு" என்றேன். "பயிற்சியைவிட அரை செகண்டு குறைவு."

"எனக்கு?"

"நீ இன்னும் எழுந்திருக்கவே இல்லையே" என்றேன்.

"ஆமாங்க" என்றாள். பிறகு டிரைவருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னாள்.

அன்று அவள் அடுப்பு மூட்டவில்லை. அதிர்ச்சி. மறுநாள் வீடு முழுக்கப் பச்சைக் கிழங்கு வாசனை. கொல்லைப்பக்கம் உட்கார்ந்து, சுண்ணாம்பு விழுந்த கீரையை மூன்று தண்ணீரில் கழுவி, கழுவிவிட்டுக் கொட்டிவிட்டாள்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை காலை பத்தரைக்கு இன்னொரு வண்டி வந்தது. இதுதான் நான் எதிர்பாராதது. குட்டியானை என்கிறார்களே, அந்தச் சின்ன லோடு வண்டி. என் பதினாறு வருஷ அனுபவத்தில் இந்த வாசலுக்கு ஒரு வண்டி இவ்வளவு ஒழுங்காக வந்து நான் பார்த்ததில்லை. பத்துக் கிலோமீட்டர் வேகம். மின்கம்பத்திலேயே இண்டிகேட்டர் போட்டுவிட்டான். இரண்டே இரண்டு சின்ன ஹாரன். அதற்கு என் விதிகளில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பழக்கத்தில் நான் சமையற்கட்டு வாசலில் போய் நின்றுகொண்டேன், விசில் வாயில் இருந்தது. ஊதவில்லை.

முன் சீட்டிலிருந்து என் மகள் பூங்கோதை இறங்கினாள். ஆத்தூரில் இருக்கிறாள். என்னைப் பார்த்து, "நீங்க அங்கயே நில்லுங்கப்பா" என்றாள். கோமளம் ஒரு டிரங்குப் பெட்டியோடு தயாராக இருந்தாள். எப்போது கட்டினாள் என்று தெரியவில்லை.

"எங்கே?" என்றேன்.

"ஆத்தூருக்குங்க."

"எத்தனை நாள்?"

"எழுதி ஒட்டி வச்சிருக்கீங்களே. யாரும் யாருக்காகவும் காத்திருக்கக் கூடாதுன்னு."

"அது கட்டுப்பாடு இழந்த வண்டிகளுக்கு மட்டும்தான் பொருந்தும், கோமளம்."

"சரிங்க" என்றாள்.

வண்டியில் ஏற அவளுக்கு ஏழு செகண்டு ஆனது. பூங்கோதை கை கொடுத்தாள், இருந்தாலும் ஏழு. பயிற்சியில் பதினொன்றுக்குக் கீழே ஒரு நாளும் வந்ததில்லை. மடியில் ஈரத் துணியில் சுற்றி ஏதோ வைத்திருந்தாள். வண்டி மேற்கே ஒழுங்காகத் திரும்பிப் போன பிறகுதான் பார்த்தேன், பிள்ளையாரைக் காணோம். கேட்காமல் எடுத்துப்போய்விட்டாள். ரசீது என்னிடம்தான் இருக்கிறது. அங்கே ஆத்தூரில் அவர் பெரிய வரப்பிரசாதி ஆகிவிட்டாராம். பேத்திக்கு வேலை கிடைத்தது, எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கரு தங்கியது. ஜனங்கள் வரிசையில் வருகிறார்களாம்.

நோட்டில் அதையும் பதிந்தேன். ஐந்தாவது பதிவு... இல்லை, நாலாவது. பாருங்கள். வண்டி: குட்டியானை. சுவரிலிருந்து உள்ளே வந்த தூரம்: இல்லை. சேதம்: இல்லை. இந்த நோட்டில் சேதம் இல்லை என்று நான் எழுதிய ஒரே பதிவு இதுதான்.

அவள் ஏன் போனாள் என்று நான் யோசிக்காமல் இல்லை. ரசீதுப் பிள்ளையார் என்பதில் அவளுக்கு முதலிலிருந்தே மனக்குறை. அதுதான். பூங்கோதை ஒருநாள் போனில் வேறு என்னவோ சொன்னாள். "அம்மாவைத் தூக்க வேண்டாம்ப்பா. ஒரு கை கொடுத்திருக்கலாம்ல? இல்லேன்னா சும்மா பக்கத்துல நின்னிருக்கலாம்ல?" என்றாள். நின்று? கணக்குப் போட்டுக் காட்டினேன். கோமளம் அறுபத்திரண்டு கிலோ. இருக்கிற நேரம் நாலரை. எழுப்பப் பதினொன்று. நான் பக்கத்தில் போயிருந்தால் அதே இடத்தில் இரண்டு பேர் இருந்திருப்போம், அவ்வளவுதான் வித்தியாசம். கோமளமும் கேட்டுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. அவள் குரல் தூரத்தில் கேட்டது: "அந்த வீட்டை வித்துட்டு வரச் சொல்லு. வந்து இங்க பக்கத்துத் தெருவுல ஒரு வீடு பார்க்கட்டும். அப்புறம் சேர்ந்து இருக்கறதைப் பத்திப் பேசலாம்."

ஆக, நீங்கள் இந்த வீட்டை வாங்கினால் என் மனைவி என்னோடு இருக்க வந்துவிடுவாள். ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டேன். உங்களுக்கு முன்னால் பதின்மூன்று பேர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சின்னராஜ் என் காலில் விழாத குறை. "சார், நீங்க பேசாம உள்ளே இருங்க. தலைவலின்னு சொல்லிடுங்க. பத்து நிமிஷம், நான் முடிச்சுக் காட்டறேன்" என்றான். முப்பத்து மூன்று வருஷம் எடை குறைத்தவனையெல்லாம் பிடித்தவன் நான். வீட்டை மட்டும் குறைத்து நிறுத்து விற்க முடியுமா? எல்லோரிடமும் இந்த நோட்டைக் காட்டினேன். போன மாதம் வந்தவர் ஓய்வு பெற்ற தபால்காரர், அவருக்குப் பிடித்துவிட்டது. அட்வான்ஸ் கொடுக்க எழுந்தே விட்டார். பயிற்சி ஒரு தடவை செய்து பார்க்கலாமா என்று கேட்டேன். அவருக்குப் பதின்மூன்று செகண்டு. அதை அவரிடம் சொல்லாமல் விட்டிருந்தால் நான் என்ன மனிதன்?

விதிகளைத் திருத்தலாமா என்றுகூட யோசித்தேன். காத்திருக்கக் கூடாது என்கிற அந்த வரியை. பேனாவை எடுத்துக்கொண்டு அந்தத் தாள் முன்னால் நின்றேன். ஆனால் இப்போது வீட்டில் காத்திருப்பதற்கு ஒருவரும் இல்லை. திருத்தினாலும் திருத்தாவிட்டாலும் ஒன்றுதான். விட்டுவிட்டேன்.

உங்களுக்கு என்ன வயது? முப்பத்தைந்து? மூட்டு நன்றாக இருக்கும். கல்யாணம் ஆகிவிட்டதா? அவர்களுக்குத் தரையில் உட்காரும் பழக்கம்...

கேட்கிறதா? இருங்கள். விட்டு விட்டுத்தானே அடிக்கிறான். இல்லை. இல்லை, விடாமல்...

போய்விட்டது. போய்விட்டது தம்பி, பயப்படாதீர்கள். திருப்பிவிட்டான். சமையற்கட்டு வாசலிலிருந்து பார்த்தேன், நூல் இழையில் திருப்பினான், நல்ல ஓட்டுநர். காலி டாங்கர், அதனால் அந்தச் சத்தம். நீங்கள் ஏன் அந்த நாற்காலியிலேயே இருந்தீர்கள்? விசில் ஊதினேனே. கிழக்கே என்று இவ்வளவு நேரம் சொன்னேனே. எனக்கு நாலே கால். உங்களுக்கு...

எழுந்துவிட்டீர்களா? மாடியை இன்னும் பார்க்கவில்லையே. கிணறு பார்க்கவில்லை. காபியும் அப்படியே இருக்கிறது. சரி, சரி. பையை மறக்காதீர்கள். சின்னராஜிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். கிழக்குப் பக்கமாகவே நடந்து போங்கள், சாலை ஓரத்தில் மண் இறுகலாக இருக்கும்.

தம்பி, ஒரு நிமிஷம். சர்க்கரைக்குக் காரணம் சொல்கிறேன் என்றேனே, சொன்னால் சொன்னதுதான். இந்த மாதம் நாலாம் தேதி ரேஷன் கடைக்குப் போய்க் கைரேகை வைத்தேன். போன மாதம் வரை எங்கள் கார்டுக்கு ஒரு கிலோ. கடையில் இருக்கிற பெண் திரையைப் பார்த்துவிட்டு, "ஐயா, அம்மா பேரு ஆத்தூர் கார்டுக்கு மாறிடுச்சுங்க" என்றாள். அரைக் கிலோ போட்டாள். எடை சரியாக இருந்தது.